முகம் காணாத கொடை: வடசென்னைக் கடற்கரையும் அயல்நாட்டு உதவியும்

புறநானூற்றின் 208ஆம் பாடலுக்குப் பின்னால் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் செல்கிறார். மன்னன் நேரில் வராமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் அதை வாங்க மறுக்கிறார். தம்மைப் பாராமலும் தம் தகுதியை அறியாமலும் தரப்படும் பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகரல்லர் என்பது அவர் வாதம். கொடையின் அளவு அவருக்குப் பொருட்டல்ல. கொடுப்பவன் தம்மை அறிந்து கொடுத்தானா என்பதே அவர் கேள்வி.

இந்தக் கேள்வியை இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடற்கரையில் வைத்துப் பார்க்கலாம். கடந்த எழுபது ஆண்டுகளில் மானியமாகவும் கடனாகவும் தொழில்நுட்ப அறிவுரையாகவும் அயல்நாட்டு உதவி பலமுறை இக்கரையை வந்தடைந்திருக்கிறது. கொடுத்தவர்கள் தீய நோக்கத்தோடு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், யாருக்காக இந்த உதவியோ அவர்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமை யாருக்கு என்பது பெரும்பாலும் தீர்க்கப்படாமலே இருந்துவந்திருக்கிறது.

இக்கதையின் முதல் ஏடு சென்னையில் எழுதப்படவில்லை. கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 1953இல் இந்தோ–நார்வே திட்டம் தொடங்கியது. புதிதாக விடுதலை பெற்ற நாடு ஒன்றில் மேற்கு நாடு ஒன்று மேற்கொண்ட தொடக்ககால வளர்ச்சித் திட்டங்களுள் அது ஒன்று. மீனவர் வருவாயை உயர்த்துதல், மக்களுக்குச் சத்துள்ள உணவு கிடைக்கச் செய்தல், உடல்நலம், குடிநீர் என அதன் நோக்கங்கள் விரிந்தவை. படகுகளுக்கு இயந்திரம் வந்தது. பனிக்கட்டி ஆலை வந்தது. 1960களில் அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்கு நல்ல விலை தரத் தொடங்கியதும் திட்டத்தின் திசை மாறியது. கடலடியை வாரும் இழுவை வலை முதன்மை பெற்றது. உள்ளூர் மக்களின் உணவுக்கென்று தொடங்கிய முயற்சி ஏற்றுமதிக்குத் துணையானது. நார்வே மானுடவியலாளர் ஆர்னே மார்ட்டின் கிளாவ்சன் 1968இலும், பொருளியலாளர் ஜான் குரியன் 1985இலும் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உதவி பெற்ற கரையிலிருந்தும் கொடுத்த நாட்டிலிருந்தும் இவ்வாறு ஆய்வுகள் வெளிவந்தது அத்திட்டத்தின் நற்பேறு என்றே சொல்லவேண்டும்.

1960களில் அத்திட்டம் தமிழகத்தின் மண்டபம் வரை விரிந்தது. தமிழக அரசும் தன் பங்குக்கு மானிய விலையில் விசைப்படகுகளை வழங்கியது. இராயபுரம் காசிமேடு விசைப்படகுகளின் பெருந்தளமாக வளர்ந்தது. கட்டுமரத்தில் சென்றவர்களின் வலைகள் இழுவைப் படகுகளால் அறுபட்டன. இரு சாராரும் பெரும்பாலும் ஒரே சமூகத்தவர், சிலவேளை உறவினரும்கூட. 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கரையில் மோதல் வன்முறையாக முற்றியது. படகுகள் எரிக்கப்பட்டன. அதன் பிறகே 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாதென்று அது விதித்தது. படகு கொடுக்கும்போதே கேட்டிருக்கவேண்டிய கேள்விக்குச் சட்டம் கால் நூற்றாண்டு கழித்து விடை தேடியது.

இதற்கிடையே, 1979இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் வங்காள விரிகுடாத் திட்டத்தைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. சுவீடன் முதன்மையான நிதியுதவி அளித்தது. சிறு மீனவர்களையே நடுவில் வைத்து, கரையில் ஏற்றக்கூடிய படகுகள், மீனவப் பெண்களுக்கான கடன் என்று அது முயன்று பார்த்தது. மீனவரிடம் கேட்டுச் செய்யவேண்டும் என்ற எண்ணம் அதன் ஏடுகளில் தெளிவாகவே தெரிகிறது. 2003இல் அது வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, இலங்கை ஆகிய நாடுகளின் கூட்டமைப்பாக மறுபிறவி எடுத்தது. உதவித் திட்டமொன்று நிலைத்து நின்றதற்கு இது அரிய எடுத்துக்காட்டு. ஆயினும் அதன் உறுப்பினர்கள் அரசுகளே, குப்பங்கள் அல்ல.

எண்ணூரில் உதவி கடன் வடிவில் வந்தது. வடசென்னை அனல்மின் நிலையத்துக்கும், அதற்கு நிலக்கரி இறக்குவதற்காகத் திட்டமிடப்பட்டு 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்துக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி கடனளித்தது. நகரத்துக்கு மின்சாரம் கிடைத்தது. கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்தவர்களுக்குச் சாம்பலும் சுடுநீரும் எஞ்சின.

இக்காலத்தில்தான் நருமதை அணையின் விளைவாக உலகில் ஒரு மாற்றம் நேர்ந்தது. மோர்சு குழுவின் அறிக்கை 1992இல் வெளிவந்தது. மறு ஆண்டு இந்தியா உலக வங்கியிடமிருந்து எஞ்சிய கடனை வேண்டாமென்றது. அதே 1993இல் உலக வங்கி, பாதிக்கப்பட்ட மக்களே நேரடியாக முறையிடத்தக்க ஆய்வுக் குழு ஒன்றை நிறுவியது. ஆசிய வளர்ச்சி வங்கி 1995இல் அதைப் பின்பற்றியது. இன்று உலகெங்கும் பேசப்படும் பொறுப்புக்கூறல் என்னும் ஏற்பாட்டுக்கு நம் நாட்டு ஆற்றங்கரை மக்களின் போராட்டமே வித்து என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. ஆனால் உரிமை ஏட்டில் இருப்பது வேறு. அது இருப்பதைக் காட்டுக்குப்பத்து மீனவர் தம் மொழியில் அறிந்திருப்பது வேறு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தமிழகத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. உலகம் மனமுவந்து கொடுத்தது. உலக வங்கி தமிழகத்துக்கும் புதுவைக்குமாக 46.5 கோடி டாலரும், ஆசிய வளர்ச்சி வங்கி தமிழகத்துக்கும் கேரளத்துக்குமாக 20 கோடி டாலரும் ஒதுக்கின. 2005 மார்ச் 30இல் தமிழக அரசு பிறப்பித்த 172ஆம் எண் அரசாணை, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் அதற்கப்பால் சென்றால் இலவசமாகப் புதுவீடு என்றது. போகாதவர்கள் தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. காகிதத்தில் இது விருப்பத் தேர்வு. வடசென்னையிலோ, துறைமுகம் கட்டிய நாள்முதல் கடல் கரையை அரித்துவந்திருக்கிறது. ஒருபுறம் பாறைத் தடுப்பு, மறுபுறம் நெடுஞ்சாலையும் தொழிற்சாலைகளும். இருநூறு மீட்டருக்கு அப்பால் மீனவனுக்கு எங்கே இடம்?

திருவொற்றியூர் கார்கில் நகரின் தற்காலிகக் குடில்கள் 2005இல் தீக்கிரையாயின. அவ்வாண்டு மழையில் அங்கே வெள்ளம் புகுந்தது. குடும்பங்களில் ஒரு பகுதி தெற்கே ஒக்கியம் துரைப்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டது. செம்மஞ்சேரிக்கும் திருவொற்றியூருக்கும் இடையே 30 கிலோமீட்டருக்கு மேல். விடியலில் ஏலத்துக்கு வந்து கூடை எடுக்கும் பெண்ணுக்கு அது வீடாகுமா? பின்னர் எர்ணாவூரில் அகில இந்திய வானொலி நிலத்தில் அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. இன்றும் மக்கள் நாவில் அதன் பெயர் சுனாமி குடியிருப்பு. பேரழிவின் பெயரே முகவரியாக நின்றுவிட்டது.

படகு விஷயத்திலும் இதே கதைதான். தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கண்ணாடியிழைப் படகுகளை வழங்கின. தமிழகக் கரையில் பல இடங்களில் பேரலைக்கு முன் இருந்ததைவிடப் படகுகள் மிகுந்தன, மீன் மிகவில்லை. வழங்கிய படகை எண்ணுவது எளிது. நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் அந்த எண் அழகாக அமரும்.

இவ்வளவுக்கும் கரையில் கணக்குக் கேட்கும் மரபு இல்லாமலில்லை. மீனவ ஊர்ப் பஞ்சாயத்து தலைக்கட்டு வரி வசூலித்து, ஊரார் முன் வரவு செலவு சொல்லும். வந்த நிவாரணத்தைப் பல ஊர்களில் அது சமபங்காகப் பிரித்தது. ஆனால் இம்மரபையும் நாம் பொன்போல் போற்றிவிட முடியாது. தலைக்கட்டு என்பது ஆணைக் குறித்தது. கணவனை இழந்தவளும் தனித்து வாழ்பவளும் பல இடங்களில் பங்கில்லாமல் நின்றார்கள். கழிமுகத்தில் கையால் இறால் தடவும் இருளர்களும், கரையோரத் தலித் மக்களும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளூர் மக்களுக்குப் பொறுப்பு என்னும்போது, உள்ளூரில் யார் மக்கள் என்ற கேள்வியும் உடன் வருகிறது.

2021இல் கொசத்தலை வடிநிலத்தின் வெள்ளத் தடுப்புக்கென ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடனுக்கு உடன்பட்டது. எண்ணூர், திருவொற்றியூர், மணலி எல்லாம் அந்த வடிநிலத்தில்தான் இருக்கின்றன. எழுபது ஆண்டு வரலாற்றிலிருந்து கற்கவேண்டியவை சிலவே. திட்ட ஆவணம் தமிழில், பணி தொடங்குமுன், குப்பத்தில் வாசிக்கப்படவேண்டும். முறையீடு செய்யும் வழி அந்த ஊர்ப் பலகையிலேயே எழுதப்படவேண்டும். கணக்குக் கேட்கும் கூட்டத்தில் மீன் விற்கும் பெண்ணும் இருளரும் பெயர் சொல்லி அழைக்கப்படவேண்டும். கட்டியதைப் பத்தாண்டு கழித்துப் பழுதுபார்க்கப்போவது யார், எந்தப் பணத்தில் என்பது முதல் நாளே முடிவாகவேண்டும்.

கடன் என்பது கொடையன்று. அதைத் திருப்பிச் செலுத்தும் வரிப்பணத்தில் காசிமேட்டுப் படகின் டீசலுக்குக் கொடுத்த காசும் கலந்திருக்கிறது. ஆகவே இக்கரை மக்கள் இரவலர் அல்லர். கணக்குக் கேட்க உரிமையுள்ள பங்காளிகள். வேண்டாத பரிசிலைத் திருப்பி அனுப்பும் வசதி பெருஞ்சித்திரனாருக்கு இருந்தது. கழிமுகத்தில் கொட்டிய சாம்பலை எண்ணூர் மீனவர் யாருக்குத் திருப்பி அனுப்புவார்?