தலைக்கு அணை, கழுத்துக்கு?

சென்ற ஆண்டு விடைத்தாள் திருத்தும் பருவத்தில் எனக்குக் கழுத்து வலி கண்டது. இயன்முறை மருத்துவர் முதலில் வினவியது என் தலையணையைப் பற்றித்தான். அம்மா தைத்துத் தந்த இலவம்பஞ்சுத் தலையணை அது. பஞ்சு கட்டிதட்டிப்போய் நெடுநாளாயிற்று. எனினும் மாற்ற மனம் வரவில்லை. அந்தத் தயக்கமே தலையணையின் வரலாற்றைத் தேடவைத்தது.

பண்டைய எகிப்தியர் மரத்திலும் கல்லிலும் தந்தத்திலும் செய்த, பிறைபோல் வளைந்த தாங்கியின்மீது தலைவைத்து உறங்கினர். 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த தந்தத் தாங்கி ஒன்றில், காற்றுக் கடவுள் ஷூ இரு சிங்கங்களுக்கு நடுவே மண்டியிட்டு அவ்வளைவை ஏந்தியிருக்கிறார். அடிவானில் ஞாயிறு எழுவதுபோல் இறந்தவரின் தலையும் எழும் என்பது அவர்தம் நம்பிக்கை.

சீனத்தில் சொங் மரபினர் காலத்தில் (960–1279) பீங்கான் தலையணைகள் பெருகின. கோடைக்குக் குளிர்ச்சி தருபவை. சிலவற்றில் கவிதைகளும் தீட்டப்பெற்றன. அதற்கும் முந்தைய தாங் காலத்தவரான ஷென் ஜிஜியின் கதையில், துறவி தந்த தலையணையில் உறங்கும் இளைஞன் முழு வாழ்வையும் கனவில் வாழ்ந்துவிட்டு விழிக்கிறான். உலையிலிட்ட தினை இன்னும் வேகவில்லை. ஜப்பானிய எடோ காலப் பெண்டிரோ, கொண்டை கலையாதிருக்க உயர்ந்த தலையணையில் பிடரியைத் தாங்கி உறங்கினர்.

நம்பிக்கை, குளிர்ச்சி, ஒப்பனை என ஒவ்வொரு காலமும் ஒவ்வொன்றை நாடியிருக்கிறது. கழுத்தின் நலம் இவற்றுள் முதலிடம் பெற்றதாகத் தெரியவில்லை. நம் சொல்லும் தலையையே சுட்டுகிறது.

கழுத்தின் ஏழு எலும்புகளும் முன்னோக்கி மெல்ல வளைந்தவை. உறக்கத்திலும் அவ்வளைவு குலையாதிருப்பதே தேர்வுக்கான அளவுகோல். மல்லாந்து படுப்போர்க்குத் தலையை முன்தள்ளாத, கழுத்தடியை நிரப்பும் தாழ்ந்த தலையணை நன்று. ஒருக்களித்துப் படுப்போர்க்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலான வெளியை நிரப்பும் உயரம் தேவை. குப்புறப் படுத்தால் கழுத்து இரவெல்லாம் திரும்பியே கிடக்கும். அவ்வழக்கத்தைக் கைவிடுதல் நலம். படுத்துப் பார்க்காமல் வாங்குவது வீண். மடித்துவிட்டால் மீண்டும் விரியாத தலையணை தன் காலத்தை முடித்துக்கொண்டது.

அம்மாவின் தலையணை அச்சோதனையில் தோற்றது. புதிதொன்று வாங்கினேன். பழையதை எறியவில்லை, விடைத்தாள் திருத்தும்போது அது நாற்காலியில் என் முதுகைத் தாங்குகிறது.