சேது நாணயம்

நிலத்துட் கிடந்து களிம்பேறிய செப்புத்துண்டொன்றை இன்னாருடையதென்று துணிதல் எளிதன்று. கொழும்புத்துறைக்கு அணித்தாயுள்ள நல்லூரிலிருந்து அரசுபுரிந்த யாழ்ப்பாண மன்னர் வழங்கிய காசு யாதென்பது நெடுங்காலம் தெளிவுபட்டிலது. அக்காசோ அறிஞர் கைகளிலேயே இருந்தது!

ஒருபுறம் நிற்கும் அரசனுருவம். மறுபுறம் படுத்திருக்கும் இடபம். அதன்கீழ்ச் ‘சேது’ என்னும் ஈரெழுத்து. சேது என்றதும் இராமேசுவரத்தையே நினைந்த முன்னையோர் சிலர் அதனை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியதாக்கினர். அவர்கள் சொல்லை நோக்கினர், காசை நோக்கினாரல்லர். நிற்கும் அரசனுருவம் பொலநறுவைக் காலத்து ஈழக் காசுகளில் வழங்கியது. சேதுபதிகளோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மதுரை நாயக்கரால் நிலைநிறுத்தப்பட்டோர். மேலும், நல்லூர் ஆரியச்சக்கரவர்த்திகளுக்குச் ‘சேதுகாவலர்’ என்னும் விருதுப்பெயர் உண்டு. கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகமத்திற் கிடைத்த, அவர்தம் வெற்றி கூறும் தமிழ்க் கல்வெட்டின் முகப்பிலும் அச்சொல்லே நிற்கின்றது.

இக்காசுகள் யாழ்ப்பாணத்தரசருடையவை என்பதை 1920ஆம் ஆண்டளவில் சுவாமி ஞானப்பிரகாசர் எழுதி நாட்டினார். 1619இற் பறங்கியர் கைப்பட்ட அவ்வரசுக்கு எஞ்சிய சான்றுகள் சிலவே. அவற்றுள் இவ்வீரெழுத்து தலையாயது. வளவிற் கண்டெடுத்த செம்பைப் புளியிட்டுத் துலக்குவோர் களிம்போடு எழுத்தையும் போக்கிவிடுகின்றனர்.