ஏற்காட்டு மண்ணும் ஹீட் சிங்க்கும்

கம்ப்யூட்டரைக் கழற்றினால் பிராசஸர் மேல் சீப்புப் பல் மாதிரி ஓர் உலோகம் உட்கார்ந்திருக்கும். ஹீட் சிங்க். சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடுவதுதான் அதன் வேலை. பெரும்பாலும் அலுமினியம்தான். செம்பு இன்னும் நன்றாகச் சூட்டைக் கடத்தும், ஆனா கனமும் விலையும் ஜாஸ்தி.

அந்த உலோகத்தை எங்க சேலத்துப் பக்கமே காய்ச்சினார்கள். மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பாக்சைட் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இறங்கியது. 1934-இல் முடிந்த அணையும் மின்நிலையமும் பக்கத்திலேயே இருந்தன. ஒரு கிலோ அலுமினியம் பிரிக்கச் சுமார் 15 யூனிட் மின்சாரம், 950 டிகிரி உலைச் சூடு வேண்டும்.

2008 வாக்கில் உலை அணைந்தது. வெட்டிய மலை மறுபடி வளரவில்லை. என் சிப் 80 டிகிரியைத் தாண்டாமலிருக்க, எங்கோ ஒரு மலை இப்படித்தான் இறங்கி வந்து வெந்திருக்கிறது.