மேட்டுக்கு இருவர்! மான்செஸ்டருக்கு?

புல் முளைத்த மேடு ஒன்று. மாடம் இல்லை, மாளிகை இல்லை, மக்களும் இல்லை. ஆயினும் அந்த மேடு 1832 வரை பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பி வந்தது! ஓல்டு சாரம் என்பது அதன் பெயர். டன்விச் என்றொரு துறைமுகப் பட்டினம். அதன் பெரும்பகுதியைக் கடல் விழுங்கிற்று. ஊர் போயிற்று, உறுப்பினர் இருவரும் போகவில்லை!

அதே காலத்தில் ஆலைகள் பெருகி, இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்குத் தனி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

ஏன் இந்த விந்தை? ஊர்கள் வளர்ந்தன, தேய்ந்தன. தொகுதிப் பட்டியல் மட்டும் மாறவில்லை. மாறாதிருந்ததால் ஆதாயம் கண்டோர் இருந்தனர். ஓல்டு சாரத்தில் வாக்குரிமை மனைக்கட்டுகளோடு ஒட்டியிருந்தது. மனைகளின் உடைமையாளர் சுட்டியவரே உறுப்பினர். இந்திய வணிகத்தில் பொருள் திரட்டிய தாமஸ் பிட் அந்த மேட்டை விலைக்கு வாங்கினார். ஆம், 1698 முதல் 1709 வரை நம் சென்னைக் கோட்டையில் ஆளுநராக வீற்றிருந்த அதே பிட்! அவர் பேரன் வில்லியம் பிட் 1735இல் பாராளுமன்றம் புகுந்ததும் அந்த மேட்டின் வழியேதான். நிலமும் சொத்து, தொகுதியும் சொத்து!

மாற்றம் வேண்டும் என்றனர் மக்கள். மரபு என்றனர் சீமான்கள். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டர் புனித பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் திரண்டனர். குதிரைப்படை பாய்ந்தது; வாள் சுழன்றது; குறைந்தது 15 பேர் மாண்டனர்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்துச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. 56 தொகுதிகள் அடியோடு ஒழிந்தன. 30 தொகுதிகள் ஒவ்வோர் இடத்தை இழந்தன. மான்செஸ்டர் இரண்டு இடங்கள் பெற்றது. உழைப்பாளருக்கோ வாக்குரிமை கிட்டவில்லை. 1838இல் சாசன இயக்கத்தார் எழுந்தனர். அவர்தம் ஆறு கோரிக்கைகளுள் ஒன்று, சம அளவுத் தொகுதிகள். 1885இல்தான் பெரும்பாலான தொகுதிகள் ஓர் உறுப்பினர் தொகுதிகளாயின. எல்லைகளும் மக்கள்தொகையை ஒட்டி அமைந்தன. எல்லைகளைக் காலந்தோறும் ஆராயும் நிலையான ஆணையங்களுக்கு 1944 வரை காத்திருக்க நேர்ந்தது.

தொகுதி எல்லை மனிதன் வரைந்த கோடு. மனிதன் வரைந்ததை மனிதன் திருத்தலாம். திருத்தத் தவறினால், ஊர் அழிந்தபின்னும் உரிமை கொண்டாடுவோர் இருப்பர். எனவே எந்தக் கோட்டைக் கண்டாலும் நாம் கேட்போம்: வரைந்தவர் யார்? வாழ்பவர் யார்? இழப்பவர் யார்? "பழைய வழக்கம்" என்பது இவற்றுக்கு விடையாகாது. மேட்டுக்குக் குரல் வேண்டாம், மனிதருக்கு வேண்டும்!