உறை திறக்கும் நொடி

அரபியர் ‘கில்லா’ என்றழைக்கும் செடி எகிப்தில் தொன்றுதொட்டு மருந்தாகும். அதிலுள்ள கெல்லினை அடியொற்றிய சேர்மங்களை, ஹலப் (அலெப்போ) நகரில் வளர்ந்த ஆர்மீனிய வழி மருத்துவர் ரோஜர் அல்தூனியன் இங்கிலாந்தில் ஆராய்ந்தார். ஆஸ்துமா நோயாளியான அவர், ஒவ்வாப்பொருளை முகர்ந்து இளைப்பைத் தாமே வரவழைத்து, அச்சேர்மங்களைத் தம்மீதே சோதித்தார். 1965இல் குரோமோகிளைகேட் கண்டறியப்பட்டது.

விழுங்கினால் அது உடலில் சேராது. நுண்பொடியாய் நுரையீரலை அடைய வேண்டும். பொடியோ ஈரம் பட்டால் கட்டிதட்டிவிடும். எனவே 20 மில்லிகிராம் வீதம் கேப்சூலில் அடைக்கப்பட்டது. முன்னாள் விமானியான அவர் உருவாக்கிய ‘ஸ்பின்ஹேலர்’ கருவியில் ஊசிகள் உறையைத் துளைக்கும். நோயாளி உள்ளிழுக்கும் மூச்சே சிறு சுழல்விசிறியைச் சுழற்றிப் பொடியை வெளிக்கொணரும்.

உறையை முன்கூட்டியே திறப்பதும் கேப்சூலை விழுங்குவதும் அம்மருந்தை வீணாக்குவதேயாம். மருந்தைக் காப்பது உறை. பயனாக்குவது, மூச்சிழுக்கும் வேளையில் அதைத் திறப்பது.