கத்தான் ஆடையும் வெளுப்பவரின் அமானிதமும்

ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நாரால் நெய்யப்படுவது லினன். அரபு நூல்கள் இதனைக் கத்தான் என்கின்றன. ஃபாத்திமிய்யர் கால எகிப்தின் செல்வத்தில் பெரும்பங்கு இந்நாரிலிருந்து பிறந்தது. தின்னீஸ், திம்யாத் நகரங்களின் நெசவுச் சிறப்பை நாம் படித்திருக்கிறோம். நெய்த ஆடையை வெளுத்துப் பேணியவர்களைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

தறியிலிருந்து இறங்கும் கத்தான் பழுப்பு நிறமுடையது. அதனைக் காரநீரில் ஊறவைத்து, அடித்து அலசி, வெயிலில் விரித்து வெண்மையாக்கியவர் கஸ்ஸார் எனப்பட்டார். நனைந்த நிலையில் இந்நாரின் வலிமை கூடும். ஆகவே அடியைத் தாங்கும். அளவு மீறினாலோ துணி கிழியும். அழுக்கேறிய ஆடைகளும் அவரிடமே சென்றன.

விலையுயர்ந்த ஆடையைப் பிறர் கையில் ஒப்படைப்பது எளிதன்று. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டு அறிஞர் அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கென எழுதிய நூலில் இதற்கும் இடமளித்தார். வெளுப்பவர் கொண்டுவரும் கிழிந்த ஆடையை, உரியவர் முன்னிலையிலன்றித் தைத்துச் சீராக்குவதில்லை என இழையோட்டுவோரிடம் சத்தியம் வாங்க வேண்டும் என்றார். கிழிசலை மறைத்துத் திருப்பித் தரும் வழக்கம் இருந்ததை இவ்விதியே காட்டுகிறது.

ஃபிக்ஹு அறிஞர்கள் இக்கேள்வியை மேலும் ஆழமாக ஆராய்ந்தனர். 1197இல் மறைந்த மர்கீனானியின் ஹிதாயா நூல் தரும் விளக்கம் இது: வெளுப்பவரிடம் இருந்த ஆடை அவர் செயலின்றித் தொலைந்தால் ஈடு இல்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. பெருந்தீ போன்று தடுக்க இயலாத காரணம் இருந்தாலன்றி ஈடு உண்டு என்றனர் அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும். அடித்ததால் கிழிந்த ஆடைக்கோ மூவரும் ஈடு விதித்தனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அதிலும் வேறுபட்டார்கள். ஏழைத் தொழிலாளியின் கூலியும் உடையவரின் உரிமையும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டதை இங்கே காண்கிறோம்.

1096–97இல் திம்யாத்தில் நெய்த கத்தான் துணியொன்று, பிரான்ஸின் அப்த் நகரத் தேவாலயத்தில் இன்றும் உள்ளது. அதில் ஃபாத்திமிய்ய கலீஃபா அல்முஸ்தஅலீயின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. எளியோரின் ஆடைகளோ தேய்ந்து மறைந்தன. அவற்றை வெளுத்தவர்களின் பெயர்களும் எஞ்சவில்லை. அவர்களைப் பற்றிய சட்டக் கேள்வியை மட்டும் நம் மத்ரஸா மாணவர்கள் இன்றும் ஓதி வருகின்றனர்.