தோட்டக் கத்தி: கரிம எஃகும் துருப்பிடிக்கா எஃகும்

ரப்பர் பால்மரம் சீவும் கத்தி, பாரங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தி, செம்பனைக் குலை வெட்டும் உளி, நீண்ட கழியில் கட்டிய அரிவாள் ஆகியவை மலேசியத் தோட்டங்களின் வெளிக்காட்டு வேலைக்குரிய வெட்டுக் கருவிகள். நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்குத் தெற்கே செனவாங்குக்கும் ரெம்பாவுக்கும் இடையே ரயில் பாதையோரம் உள்ள சுங்கை காடுட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இவை பெரும்பாலும் கரிம எஃகால் ஆனவை. ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் குறையாத நாட்டில் துருப்பிடிக்கும் உலோகத்தை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றலாம். அன்றாடம் தீட்டப்படும் கத்தியின் வாயில் துரு தங்குவதற்கு நேரமில்லை.

கத்திக்கு ஏற்ற கரிம எஃகில் கரிமம் ஏறக்குறைய 0.5 முதல் 1 விழுக்காடு வரை இருக்கும். துருப்பிடிக்கா எஃகுக்குக் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் வேண்டும். இந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உலோகத்தை மூடுகிறது. கீறல் விழுந்தால் படலம் தானே மறுபடி உண்டாகும். கூர் நிற்க வேண்டுமென்று கரிமத்தைக் கூட்டினாலோ, அது குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கடினமான கார்பைடாக மாற்றிவிடும். 16 முதல் 18 விழுக்காடு குரோமியம் உள்ள 440சி எஃகில்கூட, வியர்வை உப்புப் படிந்த உறைக்குள் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிப்பு விழுவது இதனால்தான். சமையலறை எவர்சில்வர் தட்டின் உலோகம் வேறு ரகம். அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது.

கத்திக்கு உதவும் துருப்பிடிக்கா எஃகை 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருக்கியவர் ஹாரி பிரியர்லி. துப்பாக்கிக் குழாய் அரிப்பைத் தடுக்க வழி தேடியபோது கிடைத்த பலன் அது. தொடக்ககாலக் கத்திகளைச் சரியாகப் பதப்படுத்தத் தெரியாததால், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரார் அவரைக் கேலி செய்தார்கள்.

கேலிக்குக் காரணமான சூடுதான் கிராமத்துப் பட்டறையிலும் தடை. கரிம எஃகை ஏறத்தாழ 800 முதல் 850 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சினால் போதும். கரி உலையில் நிறத்தைப் பார்த்து, காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் காட்டி, எண்ணெயில் துவைச்சல் போட்டுவிடலாம். துருப்பிடிக்கா எஃகுக்கு 1,000 டிகிரிக்கு மேல், அளவு தவறாத உலை வேண்டும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையோ எளிதில் கிடைக்கும். அதிரும் சுமையைத் தாங்கவே செய்யப்பட்டதால் ஓங்கி வெட்டும் பாரங்குக்குப் பொருத்தமானது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளும் இதே பட்டையில் அடிக்கப்படுவதுதான். நீளமான கத்தியில் கூரைவிட முறியாமை முக்கியம். பழைய ஸ்பிரிங் பட்டையின் விலைக்கு அதை மிஞ்சும் உலோகம் இல்லை என்றே சொல்லலாம்.

ரப்பர் மரத்திடம் கத்திக்கு வேறு சோதனை. அமேசான் காடுகளில் சிறு கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவித் திறக்கும் முறையை 1890களில் உருவாக்கினார். அந்த நாளிலிருந்து கத்தியின் வாய்தான் தோட்டத்தின் வரவு. ஒரு சீவலுக்குப் போகும் பட்டை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. பால் குழாய்கள் மரத்தை ஒட்டிய உள்பட்டையில்தான் அடர்ந்திருக்கின்றன. அதற்கும் உள்ளே பட்டையை வளர்க்கும் வளர்படலம். அதைத் தொடாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டுச் சீவ வேண்டும். தொட்டால் காயம் ஆறி முண்டு முண்டாகப் புடைக்கும். பிறகு அந்த இடத்தில் நேராகக் கோடு ஓடாது. மழுங்கிய கத்தி அறுப்பதற்குப் பதிலாகப் பட்டையை நசுக்கும், கையை அழுத்தவும் வைக்கும், காயம் ஆழமாகும். விடியுமுன் தொடங்கிச் சில நூறு மரம் சீவுகிறவருக்கு, நிரையில் நின்றபடியே சிறு தீட்டுக்கல்லில் நாலு இழுப்பு இழுத்ததும் கூர் திரும்ப வேண்டும். கரிம எஃகு அதற்கு இணங்கும். கார்பைடு நிறைந்த துருப்பிடிக்கா எஃகு கூடுதல் நேரம் கூராக நிற்கக்கூடும். மழுங்கிவிட்டால் அந்தக் கல்லுக்கு எளிதில் மசியாது.

செம்பனையில் நுணுக்கம் குறைவு, பலம் அதிகம். இளமரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்குக் கழி அரிவாள். இரண்டிலும் மட்டையோடு மோதும் அதிர்ச்சியைத் தாங்குவதே முதல் தேவை.

துருப்பிடிக்கா எஃகுக்குரிய இடமும் உண்டு. போர்ட் டிக்சனில் தூண்டில் போடுகிறவர், காட்டுநடைக்குப் போகிறவர், வாரக்கணக்கில் பைக்குள் கத்தியை மறந்துவிடுகிறவர் அதையே வாங்கலாம். வாழைப்பூவோ மாங்காயோ நறுக்கினால் கரிம எஃகு கறுத்துப்போகும். நறுக்கியதிலும் இரும்பு வாடை ஏறும். சுவீடனின் மோரா நிறுவனம் ஒரே வடிவக் கத்தியை இரண்டு எஃகிலும் விற்கிறது. அங்கும் யார் எதற்கு வைத்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.

எந்த எஃகானாலும் வேலைக்குப் போகும் வழியில் தவிரப் பொது இடத்தில் பாரங்கோடு திரிவது மலேசியாவில் ஆபத்து. அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது இடத்தில் தக்க காரணம் காட்டாமல் ஆயுதம் வைத்திருப்பது குற்றம்.

கரிம எஃகைத் துரு உண்மையில் பிடிப்பது வேலையில்லாத நாள்களில். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது பால் குறையும். பல இடங்களில் சீவுவதை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். அப்போது கத்தியில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்தெடுக்க வேண்டும். அதன் அடியில்தான் ஈரம் தங்கும். பிறகு துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவி, தோலுறைக்கு வெளியே உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. தேங்காயெண்ணெய் சில நாளைக்குப் போதும்; மாதக்கணக்கானால் காறிப்போய் அதன் அமிலமே எஃகை அரிக்கும்.